சுகிர்தத்தின் குரலும் என் சீவுளியும்

முதலில் விழுந்தது ஒரு தலையணை உறை. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் (சந்தில்), பழைய கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் எங்கள் வீடு. பல்கனிக் கொடியில் என் மனைவி சுகிர்தம் காயப்போட்ட உறை பறந்து இரண்டாம் மாடிக்காரரின் ஏசிப் பெட்டிக்கு மேலே போய்க் கிடந்தது. மறுநாள் நான் இடுப்பில் உடுக்கும் சறம். அதற்கடுத்த நாள் ஒரு துவாய். மூன்று நாளும் கீழே போய் அசடு வழிந்து வாங்கி வந்தவன் நான். கிளிப் போடாமல் யாராவது உடுப்புக் காயப்போடுவார்களா என்று எரிந்து விழுந்தேன்.

அவள் ஒரு கிளிப்பை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அமத்திக் காட்டினாள். அது திறக்கவில்லை. புதுக் கிளிப், இறுக்கமாகத்தான் இருக்கும் என்று சொல்லிப் பழையவற்றைத் தேடிக் கொடுத்தேன். அவற்றையும் அவளால் திறக்க முடியவில்லை. முப்பது வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை அது.

இதை வாசிக்கிறவர்களில் சிலருடைய வீட்டில் இதே வருத்தம் (நோயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெம்பூட்டும் கட்டுரையை எதிர்பார்த்தால் இது அதுவல்ல. நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

முதல் டொக்டர் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று பட்டி கட்டிவிட்டார். இரண்டாமவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார். யார் யாரோ சொன்ன எண்ணெயெல்லாம் தேய்த்தோம். எட்டு மாதம் இப்படிப் போனது. அதற்குள் இடது கையும் மெலிந்தது. நடக்கும்போது செருப்பு தானாகவே காலிலிருந்து கழன்றது. கடைசியில் நரம்பியல் நிபுணர் ஒருவர் கையிலும் காலிலும் நாக்கிலும்கூட மெல்லிய ஊசிகளைக் குத்திப் பார்த்தார் (தசைக்குள் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் பரிசோதனை, நோகும்). சுகிர்தம் முகம் சுளிக்கவில்லை. நான்தான் வெளியே நடைவழியில் போய் நின்றேன்.

இயக்க நரம்பணு நோய் என்றார் (மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் வருத்தம், அறிவும் உணர்ச்சியும் அப்படியே இருக்கும்). மருந்து வருத்தத்தைக் கொஞ்சம் பிந்தச் செய்யும், மாற்றாது என்றார். பிறகு என்னை விட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, குரல் எப்பவும் இப்பிடியே இருக்குமெண்டு நினைக்க வேண்டாம். கதைக்க வேண்டிய ஆக்களோட இப்பவே கதையுங்கோ."

இந்த வாக்கியத்தை நானும் கேட்டேன். என் மண்டையில் ஏறியதோ அதற்கு முன்னர் அவர் கேட்டிருந்த ஒரு சாதாரணக் கேள்விதான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டிருந்தார். சுகிர்தத்தின் பெரியப்பா ஒருவர் சுன்னாகத்தில் கையும் காலும் மெலிந்து செத்தவர். என்ன வருத்தமென்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையாக வருவதில்லை என்று டொக்டர் விளக்கினார். அந்த விளக்கம் என் காதில் விழவேயில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. வயது இருபத்தொன்பது. அப்போதுதான் லண்டனிலிருக்கும் ஒரு பொடியனை அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். சாதகம் நல்ல பொருத்தம். இரண்டு பேரும் போனில் கதைக்கவும் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். பெண்வீட்டில் பரம்பரை வருத்தமாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், வெள்ளவத்தையில் அது லிப்டைவிட வேகமாக ஏறி இறங்கும். ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். கேட்கிறவர்களுக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றே சொல்வது. இரண்டாம் டொக்டர் சொன்னதுதானே, முழுப் பொய்யும் இல்லை.

சுகிர்தம் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். "ராஜேசுக்கு மட்டும் சொல்லட்டே?"

"இப்ப வேண்டாம். லண்டன்காரர் சம்மதமெண்டு சொல்லுத் தரட்டும். பிறகு நீரே உம்மட வாயால சொல்லும்."

ராஜேஸ்வரி ரீச்சர் அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவர். அடுத்த ஒழுங்கையில்தான் வீடு. வெள்ளிக்கிழமைகளில் இருவரும் கோயிலுக்குப் போய், திரும்பும் வழியில் மதிலோரமாக நின்று ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டுத்தான் பிரிவார்கள். சுகிர்தத்துக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவள் கேட்டது சின்ன விடயம். மகளின் காரியம் என்பதால் நான் சொன்னதற்குத் தலையாட்டினாள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு வேலை இருக்கிறது என்று அதன் பிறகுதான் விளங்கியது. சக்கர நாற்காலியைப் பெட்டியோடு பின்பக்க லிப்டில் ஏற்றினோம். சுகிர்தத்தின் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் திலினி மிஸ்ஸை, ஆரணிக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கும் ரீச்சர் என்று காவலாளியிடம் சொன்னேன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஆரணி அந்தக் காவலாளியோடு தினமும் சிங்களத்தில்தான் கதைப்பவள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ராஜேஸ் ரீச்சருக்கு, யாரும் வந்து பார்க்க வேண்டாமென்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றேன்.

ஐப்பசி மழைக்குக் குளியலறைக் கதவு ஊறிப் பெருத்து நிலையோடு இறுகியது. வருடா வருடம் நடப்பதுதான், ஓர் உதை விட்டால் திறக்கும். சுகிர்தத்தால் இப்போது அதைத் தள்ள முடியவில்லை. ஒருநாள் உள்ளே மாட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றாள். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீடுகளுக்கும் ஒரே தச்சர்தான். வேலையைவிடக் கதை அதிகம். அவரைக் கூப்பிட்டால் கைப்பிடிக் கம்பிகளையும் நாற்காலியையும் பார்த்துவிட்டுப் போய் மாலைக்குள் ஊருக்கே சொல்லிவிடுவார்.

நானோ சுவரில் ஆணி அடிக்கவும் ஆள் பிடிக்கிறவன். கப்பல் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் பேனையோடு இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன். கைவேலை செய்வது எங்கள் குடும்பத்தில் ஒரு குறைச்சலாகவே இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், எனக்குள்ளும் அது இருந்தது.

நகரத்தின் மறுபக்கத்திலிருக்கும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது என்பதுதான் ஒரே காரணம். ஒரு குறுக்குத் தெருவில் கதவு, யன்னல் செய்கிற பட்டறையைக் கண்டு உள்ளே போனேன். நடத்துகிறவர் யோகராஜ். நாற்பது வயதிருக்கும், மலையகத்தில் அட்டன் பக்கத்து ஆள். இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. ரிட்டயராகிவிட்டேன், பொழுதுபோக்குக்குத் தச்சுவேலை பழகலாமென்று இருக்கிறேன், சத்தமில்லாத கருவி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தபடி தன் கையிலிருந்த சீவுளியை (மரத்தை மெல்லிசாகச் சீவி மட்டமாக்கும் கருவி) நீட்டினார். முக்கால் முழ நீளத்தில் ஒரு மரக்கட்டை, நடுவில் சாய்வாக ஓர் இரும்புத் தகடு, அதை இறுக்கிப் பிடிக்க ஓர் ஆப்பு. அவ்வளவுதான்.

"கைய மட்டும் தள்ளாதீங்க ஐயா, ஒடம்போட போங்க. மரம் பிய்யிதுன்னா நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றார்.

இரண்டு தரம் போய்ப் பழகினேன். தகட்டைத் தீட்டவும், சுத்தியலால் மெல்லத் தட்டி மயிரளவு வெளியே கொண்டுவரவும் காட்டித்தந்தார். பிறகு தன்னிடமிருந்த இன்னொன்றை எனக்குத் தந்தார். சாக்குப் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருட்டுப் பொருளைப் போலக் கொண்டுவந்தேன்.

ஆரணியும் நானுமாகக் கதவைக் கழற்றி சாப்பாட்டு மேசைக் கதிரைகள் இரண்டுக்கு நடுவே நிறுத்தினோம். முதல் தள்ளிலேயே மரம் கொத்தாகப் பிய்ந்தது. எனக்குக் கோபம் வந்து கதவோடு சண்டைபிடித்தேன். பிறகு யோகராஜ் சொன்னது ஞாபகம் வர, மறுமுனைக்குப் போய் நின்று தள்ளினேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கடுதாசியை நீளமாகக் கிழிப்பது போன்ற ஒரு சீறல். தகட்டின் வாயிலிருந்து ஒரு சீவல் சுருண்டு சுருண்டு எழும்பி, கதவின் முழு நீளத்துக்கும் அறாமல் வந்து என் கையில் விழுந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அதனூடாக யன்னல் கம்பி தெரிந்தது. சீவின இடத்தைத் தடவினால் கன்னம் போல இருந்தது. இன்னொரு தரம் தள்ளினேன். பிறகு இன்னொரு தரம். கதவுக்குத் தேவையானதற்கு மேல் நாலைந்து தரம் தள்ளியிருப்பேன்.

அறுபத்திரண்டு வயதில், அடுத்த அறையில் மனைவி ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியாமல் இருக்கையில், எனக்குச் சந்தோசமாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று அகப்பட்டிருக்கும், அதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த வருடம் நான் கைவைத்து, கைவைத்ததால் சரியாகிப்போன ஒரே பொருள் அந்தக் கதவு. சுகிர்தம் சுண்டுவிரலால் தள்ளித் திறந்தாள், சிரித்தாள். ஐந்து கிழமை (வாரம்) அப்படித் திறந்தாள். ஆறாம் கிழமை அந்தக் கதவுவரை தனியே நடக்க அவளால் முடியவில்லை.

அப்போது திலினி மிஸ் ஒரு பலகை வேண்டுமென்றார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம் போல வைத்து, நோயாளி அதன் மேல் வழுக்கிக்கொண்டு மாறி உட்காருவதற்கு. சிராய் இருக்கக் கூடாது, இரு முனையும் மெல்லிசாகச் சரிய வேண்டும். வாங்கவும் செய்யலாம், எடுப்பித்துவர நாளாகும் என்றார். நானே செய்கிறேன் என்று முந்திக்கொண்டேன். ஒரு கிழமைக்குள் தந்தால் நல்லது என்றார்.

அளவைக் கொண்டுபோய் யோகராஜிடம் கொடுத்தேன். கடுதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்ல யாருக்குங்க முடியாம இருக்கு?" என்று கேட்டார். அவருடைய தகப்பனுக்கும் ஒரு விபத்துக்குப் பின் இப்படி ஒரு பலகை செய்தாராம். நான் மரத்தூளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சு இலேசாக இருந்தது. சுகிர்தத்துக்குத் தன் சினேகிதியிடம் சொல்ல அனுமதிக்காத ஒன்றை, பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு மனிதரிடம் நான் சொல்லி ஆறுதல் பட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

யோகராஜ் சீவ இலகுவான ஒரு மரத்தைக் காட்டினார். நான்தான் மஞ்சளாக மினுங்கிய பலாப் பலகைக்கு ஆசைப்பட்டேன். பலாவில் நார் ஒரு சாண் இந்தப் பக்கம் ஓடும், அடுத்த சாண் எதிர்ப்பக்கம் ஓடும். ஓரிடம் வழுவழுப்பாகும்போது பக்கத்தில் பிய்ந்துவிடும். பிய்ந்ததை மட்டமாக்கத் திரும்பவும் முழுவதையும் சீவ வேண்டும். சாப்பாட்டு மேசையைப் பல்கனியோரம் இழுத்துப்போட்டு, காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் நின்றேன். உப்புக்காற்றில் தகடு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும், தேங்காயெண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைப்பேன். கைக்குழந்தையாயிருந்த ஆரணிக்குக்கூட நீங்கள் இவ்வளவு பார்த்ததில்லை என்று சுகிர்தம் பகிடி பண்ணினாள். இரண்டாம் மாடி அம்மா லிப்டில் ஆரணியைப் பிடித்து, உங்கள் வீட்டில் தினமும் இவ்வளவு நேரமா தேங்காய் துருவுகிறீர்கள் என்று கேட்டாராம். ஓம், அப்பாவுக்குத் தேங்காய்ப்பால் சொதி என்றால் உயிர் என்று ஆரணி சொல்லியிருக்கிறாள்.

ஒரு கிழமை ஒரு மாதமானது, பிறகு இரண்டு மாதமானது. திலினி மிஸ் கேட்டார், முடியப்போகிறது என்றேன். சுகிர்தம் கேட்டாள், இந்தக் கிழமை என்றேன். உண்மையில் இரண்டாம் கிழமையிலேயே அதைப் பாவித்திருக்கலாம். ஒரு பக்கத்தில் உள்ளங்கையளவு சொரசொரப்பு இருந்தது, அவ்வளவுதான், ஒரு துணி விரித்தால் போதும். எனக்கு அதை முடிக்க மனமில்லை. முடித்துவிட்டால் மறுபடி அந்த அறைக்குள் போய், ஒன்றும் செய்ய முடியாத மனிதனாக உட்கார வேண்டும்.

அதே மாதங்களில்தான் அவளுடைய பேச்சு குழறத் தொடங்கியது. முதலில் களைப்பான நேரங்களில் மட்டும், வாய்க்குள் வெற்றிலையை அடக்கிக்கொண்டு கதைக்கிறவர்களைப் போல. பிறகு காலையிலும். ராஜேஸ் ரீச்சர் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் எடுப்பார். நித்திரை என்பேன். குளிக்கிறா என்பேன். விபூதியும் பிரசாதமும் காவலாளியிடம் வந்து கிடக்கும். எடுத்துவந்து கொடுத்தால் சுகிர்தம் என்னைப் பார்ப்பாள். போனைத் தானே எடுக்க அவளுக்கு விரல்கள் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம், சீவுளியோடு நின்றவனை அவள் கூப்பிட்டாள். போனேன். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக் கேட்டாள்.

"இண்டைக்குச் சொல்லட்டே?"

லண்டன்காரரிடமிருந்து இன்னும் சொல்லு வரவில்லை, கொஞ்சம் பொறும் என்றேன். மற்றவர்களுக்கும் விளங்கும்படி அவள் சொன்ன கடைசி முழு வாக்கியம் அதுதான்.

பலகை முடிந்தது. எண்ணெய் பூசியதும் தேன் நிறத்தில் மினுங்கியது. திலினி மிஸ் அதைத் தடவிப் பார்த்து, இவ்வளவு வடிவான ஒன்றைத் தான் கண்டதில்லை என்றார். சுகிர்தத்தைக் கட்டில் விளிம்பில் இருத்தினோம். கையை எடுத்ததும் அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். மறுபடி இருத்தினோம், மறுபடி சரிந்தாள். பலகையில் வழுக்குவதற்கு இடுப்பிலும் முதுகிலும் கொஞ்சமாவது பிடிப்பு இருக்க வேண்டும். அது போய்விட்டிருந்தது.

"தென் பரக்குய், அங்கிள்," என்றார் திலினி. இப்போது பிந்திவிட்டது என்று சிங்களத்தில். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. பலகையைச் சுவரோரம் சாத்திவிட்டு அவளைத் தூக்கினோம்.

சித்திரையில் ஒருநாள் ஆரணி வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தாள். லண்டன்காரருக்கு இந்தக் கிழமை நான் போன் எடுத்துக் கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தேன். அதுதான் அவளை வாய்திறக்க வைத்தது.

"நான் அவருக்கு எல்லாத்தையும் தை மாசமே சொல்லிப்போட்டன் அப்பா. யோசிச்சுச் சொல்லுறன் எண்டார். ரெண்டு கிழமையால தாய் எடுத்துச் சொன்னவா, சாதகத்தைத் திருப்பிப் பார்த்தவையாம், பொருந்தேல்லையாம்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லுறது? அந்தப் பலகையோட நிக்கேக்கை மட்டும்தான் நீங்கள் ஒரு மனிசராத் தெரிஞ்சனீங்கள்."

அவள் எனக்காக மறைத்தாள், நான் அவளுக்காக மறைத்தேன். இரண்டு பேருக்கும் நடுவே கட்டிலில் கிடந்தவளுக்காக யாரும் எதையும் செய்யவில்லை. தை மாதக் கடைசியிலிருந்து மறைப்பதற்கு எங்களிடம் எதுவுமே இருக்கவில்லை. அவள் "இண்டைக்குச் சொல்லட்டே" என்று கேட்டது மாசியில். அன்றைக்கு ஓம் என்று சொல்லியிருக்கலாம். இந்தக் கணக்கை நான் எத்தனை தரம் போட்டுப் பார்த்தாலும் விடை மாறுவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோது, வாருங்கள் ரீச்சர் என்றேன். கால் மணித்தியாலத்தில் வந்துவிட்டார், மூச்சு வாங்க. அறைக்குள் போனவர் வாசலிலேயே ஒரு கணம் நின்றார். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து சுகிர்தத்தின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுகிர்தம் ஏதோ சொன்னாள். மற்றவர்களுக்கு அது ஒரு முனகல். எனக்கு மட்டும் அப்போது விளங்கும்.

"என்ன சொல்லுறா?" என்று ரீச்சர் என்னைப் பார்த்தார்.

அவள் கேட்டது, ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று. நான், "சுகமோ எண்டு கேக்கிறா" என்றேன்.

சுகிர்தம் என்னைப் பார்த்தாள். பிழையாக விடை சொன்ன பிள்ளையைப் பார்க்கும் அதே பார்வை. அதே முனகலைத் திரும்பச் சொன்னாள். மூன்றாம் தரமும் சொன்னாள். மூச்சு இழுத்தது, நெற்றி வியர்த்தது, விடுவதாக இல்லை.

"ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை எண்டு கேக்கிறா," என்றேன். "நான்தான் ரீச்சர் மறிச்சனான்."

ராஜேஸ் ரீச்சர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. சுகிர்தத்தின் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் யார் யார் மாறிப்போனார்கள், கோயில் கொடியேற்றத்தில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் அவளிடம் இருந்தது. அவளுக்குக் கேட்க மட்டும்தான் முடிந்தது. இரண்டு பேருமே அழுதார்கள். நான் குசினியில் அடுப்படியோரம் நின்றேன்.

இப்போது அவளுக்கு மூச்சுக்கு முகமூடி (காற்றை அழுத்தத்தோடு உள்ளே தள்ளும் சிறு இயந்திரத்தோடு பொருத்தியது). சாப்பாடு வயிற்றில் போட்ட குழாயால். முனகலும் இல்லை. எழுத்துகள் எழுதிய தாளை நாங்கள் பிடிக்க, அவள் கண்ணால் காட்டுவாள். ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம், சிலவேளை ஐந்து. பொழுது எங்கள் வீட்டில் அந்த வேகத்தில்தான் போகிறது. நானும் பழகிவிட்டேன். வெளியே போய் ஆட்கள் கதைப்பதைக் கேட்டால், ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்றிருக்கும். அவளுடைய கை எவ்வளவு மெலிந்ததோ அதே மாதங்களில் என் கை தடித்திருக்கிறது. தோள் இறுகியிருக்கிறது, பெருவிரல் காய்த்திருக்கிறது. அவளைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது அந்தப் பலம் உதவுகிறது. எப்படி வந்த பலம் என்பதும் நினைவுக்கு வருகிறது.

அந்தப் பலகையைத் தெமட்டகொடையில் ஒரு நோயாளிக்குக் கொடுக்கலாமா என்று திலினி மிஸ் கேட்டார், கொடுத்தேன். அவர் மூலமாக இன்னொருவருக்கும் தேவைப்பட்டது. கொட்டாஞ்சேனைக்குப் போய் இலகுவான மரமாகக் கேட்டு வாங்கி, நாலே நாளில் முடித்தேன். ஒரு மூலை சொரசொரப்பாகவே போனது. பரவாயில்லை. உங்கள் வீட்டிலும் எதுவானாலும் அரைகுறையாகவே கொடுத்துவிடுங்கள். யாரிடமாவது ஒன்றைச் சொல்ல வேண்டுமென்று அவர்கள் கேட்டால், சோற்றுக் கையோடானாலும் எழும்பிப்போய் போனைக் காதில் பிடித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பின்னேரம் அவள் தாளைப் பார்த்தாள். ஆரணி பிடித்தாள். எழுத்தெழுத்தாக வந்தது: நாற்பது.

எதில் நாற்பது என்று கேட்டோம். கால் மணித்தியாலத்துக்கு மேல் போனது. நான் பல்கனியோரம் நின்று பலாவைச் சீவிய நாட்களில், நாற்பது தரம் தள்ளிவிட்டுத் தகட்டைத் தீட்ட நிறுத்துவேனாம். எனக்கே தெரியாது. அப்படி மூன்று நாற்பது முடிந்தால் அறைக்குள் வருவேனாம். அதை எண்ணிக்கொண்டே கிடந்திருக்கிறாள். முதுகு நோகும்போதும், ஒரு பக்கமாகக் கிடந்து காது வலிக்கும்போதும், இன்னும் எத்தனை என்று அவளுக்குத் தெரியும்.

"கூப்பிட்டிருக்கலாமே," என்றேன்.

அவள் கண்கள் மறுபடி தாளுக்குப் போயின. ஒவ்வோர் எழுத்தாக ஆரணி வாய்விட்டு வாசித்தாள். பாதியிலேயே அவள் குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை நானே பார்த்து முடித்தேன்.

"கூப்பிட்டனான்."

இப்போது மேசையை அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பத்துத் தரம் தள்ளிவிட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவள் ஒரு தரம் இமையை மூடினால் இன்னும் பத்து. மூடாவிட்டால் சீவுளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.